ரயில் புதிர் நோட்டு: முதலில் விடை சொன்னவருக்கா மதிப்பெண், வழி சொன்னவருக்கா?

சீசன் டிக்கெட் | திங்கள், இரவு 9.40

செங்கல்பட்டு – கடற்கரை லோக்கல் வண்டியில் ஏழு வருஷமாகப் போய்வருகிறேன். காலை வண்டியில் எங்களுக்கென்று ஒரு கூட்டம் உண்டு. மறைமலை நகரில் ஏறுகிற நான், பொத்தேரியில் ஏறும் இன்ஜினியரிங் தம்பி, கூடுவாஞ்சேரியில் ஏறும் துணிக்கடை அண்ணன், ஊரப்பாக்கத்தில் ஏறும் நர்ஸ் அக்கா, ஓய்வு பெற்ற பிறகும் எழும்பூருக்குக் கணக்கு எழுதப் போகும் ஒரு பெரியவர். பக்கத்துப் பெட்டியில் சீட்டு ஓடும். எங்கள் பெட்டியில் புதிர் ஓடும்.

விதி இதுதான். ஊரப்பாக்கம் தாண்டியதும் ஒருவர் புதிர் சொல்வார். தாம்பரம் வருவதற்குள் முதலில் விடை சொன்னவருக்குப் பத்து மதிப்பெண். தாம்பரம் தாண்டி, பரங்கிமலைக்குள் சொன்னால் ஐந்து. பரங்கிமலையில் புதிர் போட்டவரே விடையை உடைத்துவிடுவார், ஏனென்றால் தம்பி கிண்டியில் இறங்கணும். எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் ஏறும். மாசக் கடைசியில் முதலிடம் வந்தவருக்கு மற்றவர்கள் சேர்ந்து டிபன். இப்போது மூன்றாவது நோட்டு.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இந்த இழை.

அன்றைக்கு நான் போட்ட புதிர்: ஒரு வியாபாரியிடம் 40 கிலோ எடைக்கல் ஒன்று இருந்தது. கீழே விழுந்து நாலு துண்டாகிவிட்டது. ஆனால் அந்த நாலு துண்டை வைத்தே 1 கிலோவிலிருந்து 40 கிலோ வரை எந்த முழு எடையையும் தராசில் நிறுக்க முடிந்தது. துண்டுகள் என்னென்ன?

பெருங்களத்தூர் வருவதற்குள் தம்பி "ஒண்ணு, மூணு, ஒம்போது, இருபத்தேழு" என்றார். விடை சரி. பத்து மதிப்பெண் எழுதிவிட்டேன்.

எதிர் சீட்டில் ஒரு கீரைக்கார அம்மா. வெண்டர் பெட்டியில் இடம் கிடைக்காத நாளில் கூடையோடு எங்களிடம் வந்து உட்காருவார், மாம்பலத்தில் இறங்குவார். அதுவரை எங்கள் புதிரில் ஒரு வார்த்தை பேசினதில்லை. அன்றைக்குத் தம்பியைப் பார்த்து, "ரெண்டு கிலோ எப்படிப்பா நிறுப்ப?" என்று கேட்டார்.

தம்பிக்குத் தெரியவில்லை. ஒன்றும் மூன்றும் சேர்ந்தால் நாலு, ரெண்டு எப்படி வரும் என்று அவரே குழம்பிவிட்டார்.

அந்த அம்மா கூடையிலிருந்து ரெண்டு எலுமிச்சம்பழம் எடுத்தார். ரெண்டு உள்ளங்கையையும் தட்டு மாதிரி விரித்தார். "இந்தப் பக்கம் மூணு கிலோ படிக்கல்லு. இந்தப் பக்கம் ஒரு கிலோ படிக்கல்லு, அதோட கத்திரிக்கா. முள்ளு நேரா நின்னா கத்திரிக்கா ரெண்டு கிலோ. கல்லை ஒரு தட்டுலதான் வைக்கணும்னு யார் சொன்னது? கல்லு பத்தாத நாள்ல எங்கம்மா இப்படித்தான் நிறுத்துப் போடும்."

பெட்டியே அமைதியாகிவிட்டது. அஞ்சு கிலோவுக்கு ஒரு பக்கம் ஒன்பது, மறுபக்கம் மூன்றும் ஒன்றும். பதினாலுக்கு ஒரு பக்கம் இருபத்தேழு, மறுபக்கம் மற்ற மூன்றும். எல்லாம் அந்த ஒரே சாவியில் திறந்துகொண்டது. விடை தெரிந்து புதிர் போட்ட எனக்கே அன்றைக்குத்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

நர்ஸ் அக்கா, "இந்த அம்மாவுக்கு மார்க் போடுங்க" என்றார். விதிப்படி முதல் விடைக்கு மட்டும்தானே என்று துணிக்கடை அண்ணன் இழுத்தார். நானும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா, "எனக்கெதுக்குப்பா மார்க்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெள்ளிக்கிழமை அதே பெட்டிக்கு வந்தார். ஆனால் கதவோரம் நின்றார்.

அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நண்பர்களோடு மதிப்பெண் போட்டுப் புதிர் விளையாடுகிறவர்கள் இங்கே பல பேர் இருப்பீர்கள். மதிப்பெண்ணை எதற்குக் கொடுக்கிறீர்கள்?

⁂

உடுமலை வாத்தியார் | திங்கள், இரவு 10.25

நல்ல கேள்வி போட்டிருக்கீங்க. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்கிற முறையில் ஒரு சம்பவம் சொல்கிறேன்.

1914 டிசம்பர், கேம்பிரிட்ஜ். நம் ராமானுஜன் அறையில் அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் மேசையில் ஸ்ட்ராண்ட் இதழை வைத்துக்கொண்டு மஹலனோபிஸ் உட்கார்ந்திருக்கிறார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அதே மஹலனோபிஸ்தான். இதழில் ஒரு புதிர். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள். வீட்டு எண் என்ன?

மஹலனோபிஸ் போட்டுப்போட்டுப் பார்த்துச் சில நிமிஷத்தில் விடை எடுத்துவிட்டார்: 288 வீடு, எண் 204. பிறகு ராமானுஜனிடம் படித்துக் காட்டினார். ராமானுஜன் கிண்டிக்கொண்டே ஒரு தொடர் பின்னத்தை, அதாவது பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போகும் ஒன்றை, சொன்னார். அதில் இந்த ஒரு விடை மட்டும் இல்லை. ஐம்பது, ஐந்நூறு என்கிற வேலியை எடுத்துவிட்டால் வரும் எல்லா விடைகளும் அதில் வரிசையாக இருந்தன. 8 வீட்டுத் தெருவில் 6, 49 வீட்டுத் தெருவில் 35, 288இல் 204, 1681இல் 1189, இன்னும் மேலே மேலே.

உங்கள் நோட்டின் விதிப்படி அன்றைக்குப் பத்து மதிப்பெண் யாருக்கு? மஹலனோபிஸுக்கு. அவர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நோட்டில் ராமானுஜனுக்குச் சுழியம் விழும். அப்படி விழுந்தால் தப்பு நோட்டில்தான்.

உங்கள் கீரைக்கார அம்மா கொடுத்ததும் அதே மாதிரிதான். ரெண்டு கிலோவுக்கு வழி கேட்டார், நாற்பதுக்கும் வழி திறந்துவிட்டார்.

⁂

பெங்களூர் பஸ் | செவ்வாய், காலை 7.10

வாத்தியார் ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாங்கள் கம்பெனி பஸ்ஸில் எட்டுப் பேர் விளையாடுகிறோம். வேகத்தை எடுத்துவிட்டால் விளையாட்டில் சூடு போய்விடும். "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்று ஆரம்பித்தால் நாளைக்கு எல்லாரும் மறந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் பிறந்த சகுந்தலா தேவி 1980 ஜூன் 18 அன்று லண்டனில் இரண்டு பதிமூன்று இலக்க எண்களை 28 விநாடியில் பெருக்கிச் சொன்னார். அந்த 28தானே உலகத்துக்கு நினைவிருக்கிறது? வேகமும் ஒரு திறமை. அதற்கும் மதிப்பெண் வேண்டும்.

⁂

உடுமலை வாத்தியார் | செவ்வாய், காலை 8.02

தம்பி, பெருக்கலில் வழி எல்லாருக்கும் தெரியும். அங்கே வேகம்தான் திறமை, ஒத்துக்கொள்கிறேன். புதிரில் வழிதான் ஒளிந்திருக்கிறது. ரெண்டையும் ஒரே தராசில் நிறுக்காதீங்க என்பதுதான் என் வாதம். வேகத்துக்குத் தனிச் சுற்று வையுங்கள், நானே வந்து கலந்துகொள்கிறேன்.

⁂

மண் வாசனை | செவ்வாய், காலை 11.30

தம்பி போனில் தேடியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விடை தெரிந்தும் ரெண்டு கிலோவுக்கு வழி தெரியவில்லை என்றால் வேறு என்ன? எங்கள் கூட்டத்திலும் இதே தொல்லை வந்தது. போனைக் கையில் தொடக்கூடாது என்று விதி போட்டோம், பலிக்கவில்லை. கடைசியில் எண்ணை மாற்ற ஆரம்பித்தோம். நாற்பது கிலோ கல்லை 121 கிலோ ஆக்குங்கள், துண்டு ஐந்து. வழி புரிந்தவர் 1, 3, 9, 27, 81 என்று உடனே சொல்வார். தேடினவர் தேடிக்கொண்டே இருப்பார்.

⁂

யாழ் மல்லிகை | செவ்வாய், மாலை 4.15

இதை வாசிக்க எனக்கு எங்கட அம்மப்பாதான் ஞாபகம் வந்தவர். தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சப் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு எரிக்கிற விளக்குத்தான். அந்த வெளிச்சத்தில கனநேரம் படிக்கேலாது. அதால பொழுதுபட்டதும் பிள்ளையள் ஏழு பேரையும் வட்டமா இருத்திவிட்டுக் கணக்குப் போடுவார். புள்ளிக்குப் பதிலா புளியங்கொட்டை.

அவர் அடிக்கடி சொல்லுற கணக்கு ஒண்டு. மரத்தில இருக்கிற குருவியளைப் பாத்து ஒருத்தன், "நூறு குருவியளே, சுகமோ?" எண்டு கேட்டானாம். அதுக்கு ஒரு குருவி, "நாங்கள் நூறில்லை. நாங்களும், எங்களளவு இன்னொரு கூட்டமும், எங்களில பாதியும், அந்தப் பாதியில பாதியும், உன்னையும் சேர்த்தால்தான் நூறு" எண்டு சொல்லிச்சுதாம். எத்தனை குருவி?

பெரியண்ணா பள்ளிக்கூடத்தில எக்ஸ் படிச்சவர், டக்கெண்டு 36 எண்டிடுவார். அம்மப்பா கொட்டை குடுக்கமாட்டார். எங்களில கடைசி தங்கச்சி, அவளுக்கு அப்ப ஆறு வயசு. அவளைப் பாத்து, "உனக்கு விளங்கிச்சுதோ?" எண்டு கேப்பார். அவள் தலையாட்டினால்தான் அண்ணாவுக்குக் கொட்டை. எக்ஸ் வச்சுச் சொன்னால் அவளுக்கு எப்பிடி விளங்கும்?

ஒருநாள் அண்ணா புளியங்கொட்டையையே எடுத்துப் பரப்பினார். "குருவிக்கூட்டம் எண்டு நாலு கொட்டை வை. இன்னொரு கூட்டம், இன்னும் நாலு. பாதி எண்டால் ரெண்டு. அதில பாதி ஒண்டு. எண்ணிப்பார், எத்தனை?" பதினொண்டு. "உன்னைக் கழிச்சால் நூறில மிச்சம் தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்றொன்பதில எத்தனை பதினொண்டு இருக்கு?" ஒன்பது. "அப்ப ஒவ்வொரு கொட்டையும் ஒன்பது குருவி. முதல் கூட்டத்தில நாலு கொட்டை." தங்கச்சி விரல் விட்டு எண்ணி முப்பத்தாறு எண்டு தானே கத்தினவள். அண்டைக்கு அண்ணாவுக்கு அம்மப்பா ஒரு கை நிறையக் கொட்டை அள்ளிக் குடுத்தவர்.

எங்கட வீட்டு விதி அதுதான். விளங்காத ஆள்தான் நடுவர். குறிப்புக் கேட்டால் கையில இருக்கிற கொட்டையில ஒண்டைக் குடுக்கோணும், அந்தக் கொட்டை குறிப்புச் சொன்ன ஆளுக்குப் போகும்.

⁂

சீசன் டிக்கெட் | செவ்வாய், இரவு 9.15

மல்லிகை அக்கா, உங்கள் பதிவைச் சாப்பிடும்போது வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். என் பெண் உடனே பருப்பு டப்பாவை எடுத்து வந்து நாலு, நாலு, ரெண்டு, ஒன்று என்று வைத்துப் பார்த்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கும் விளங்கிவிட்டது.

மண் வாசனை அண்ணா, தம்பியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு மாலை வண்டியில் தனியாகப் பார்த்தபோது அவரே சொன்னார், போனில்தான் பார்த்தாராம். "இன்ஜினியரிங் படிச்சிட்டு முதல்ல சொல்லலைன்னா என்ன நினைப்பீங்களோன்னு இருந்துச்சு அண்ணா" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் சொன்னால் பத்து என்று எழுதி வைத்தது நான்தானே.

"விளங்காத ஆள்தான் நடுவர்." இதை நாளைக்கே பெட்டியில் எடுத்து வைக்கப் போகிறேன்.

⁂

கூட்டல் கழித்தல் | புதன், காலை 6.50

கூச்சப்படுகிறவர்களை உள்ளே இழுக்க எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் ஒன்று செய்கிறோம். கப்ரேக்கர் எண்ணை வைத்து ஒரு விளையாட்டு.

நான்கு இலக்க எண் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதை அதிலிருந்து கழியுங்கள். வந்த எண்ணுக்கும் அதையே செய்யுங்கள். எங்கே சுற்றினாலும் கடைசியில் 6174 வந்து நிற்கும், அதிகபட்சம் ஏழு கழித்தலில். 3524 எடுத்தால் 5432 – 2345 = 3087, பிறகு 8730 – 0378 = 8352, பிறகு 8532 – 2358 = 6174. மூன்றே படி.

எத்தனை படியோ அத்தனை மதிப்பெண். யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை, அவரவர் எண்ணை அவரவர் கழித்துக்கொண்டு நடக்கலாம். ஏழு படி போகும் எண்ணைப் பிடிக்கிறவருக்கு ஏழு. 2005 போட்டுப் பாருங்கள், சரியாக ஏழு போகும். ஒரு மாதம் விளையாடியதில் எங்கள் கூட்டத்துப் பாட்டி ஒருவர் எந்த மாதிரி எண்கள் சீக்கிரம் முடிகின்றன என்று தானே ஒரு கணக்குப் பிடித்து வைத்திருக்கிறார்.

கப்ரேக்கர் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட ஆசிரியர். பெரிய பல்கலைக்கழகப் பதவி எதிலும் இருந்தவரில்லை. 1949இல் இந்த 6174ஐ அவர் அறிவித்தது நம்ம சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான். அதனால் சென்னை வண்டியில் விளையாட இதைவிடப் பொருத்தமான எண் கிடைக்காது.

⁂

நெல்லைச் சீமை | புதன், காலை 10.05

இழை போகிற போக்கு நல்லா இருக்கு. நானும் ஒண்ணு போடுதேன். ராத்திரி நேரம், ஒரு மரப்பாலம், ஒரே ஒரு டார்ச் லைட்டு. நாலு பேர் கடக்கணும். ஒரு தடவைக்கு ரெண்டு பேருக்கு மேல பாலம் தாங்காது. டார்ச் இல்லாம யாரும் போக முடியாது. ஒருத்தருக்கு 1 நிமிஷம், இன்னொருத்தருக்கு 2, அடுத்தவருக்கு 5, கடைசி தாத்தாவுக்கு 10. சேர்ந்து போனா மெதுவா போறவர் வேகம்தான். குறைஞ்சது எத்தனை நிமிஷம்?

⁂

பெங்களூர் பஸ் | புதன், காலை 10.12

19. வேகமான ஆள் ஒவ்வொருவராகக் கூட்டிப்போய்த் திரும்பி வரணும். 2 + 1 + 5 + 1 + 10.

⁂

துளசிமாடம் | புதன், காலை 11.48

பஸ் தம்பி, 17இல் முடியும். முதலில் 1ம் 2ம் போகட்டும், 2 நிமிஷம். 1 திரும்பட்டும், மொத்தம் 3. இப்போது மெதுவான ரெண்டு பேர், 5ம் 10ம், சேர்ந்தே போகட்டும், 13. அக்கரையில் ஏற்கெனவே நிற்கிற 2 டார்ச்சோடு திரும்பி வரட்டும், 15. கடைசியாக 1ம் 2ம் மறுபடி சேர்ந்து போனால் 17.

5 நிமிஷக்காரரும் 10 நிமிஷக்காரரும் தனித்தனியாகப் போனால் 15 நிமிஷம் அவர்களே தின்றுவிடுவார்கள். சேர்த்து அனுப்பினால் அந்த ஐந்து பத்துக்குள் மறைந்துவிடும். ஆனால் அப்படி அனுப்ப அக்கரையில் ஒரு வேகக்காரர் முன்கூட்டியே காத்திருக்கணும். அதற்குத்தான் முதல் நடை.

⁂

பெங்களூர் பஸ் | புதன், மதியம் 12.20

சரிதான் அக்கா. ஏழு நிமிஷத்தில் பதில் போட்டேன், தப்பாகப் போட்டேன். வாத்தியார் ஐயா சொன்னதை இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன். இன்று சாயந்தரம் பஸ்ஸில் இதையே போட்டு, யார் துளசிமாடம் அக்கா மாதிரி "ஏன்" என்று சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான் மதிப்பெண் என்று சொல்லப் போகிறேன்.

⁂

உடுமலை வாத்தியார் | புதன், இரவு 8.30

ரயில் கூட்டத்துக்கு என் சார்பில் ஒரு பழைய கணக்கு. எங்கள் தாத்தா சொன்னது, அவருக்கு அவர் தாத்தா சொல்லியிருக்கலாம்.

ஒருவரிடம் 81 பசுக்கள். முதல் பசு ஒரு படி பால் கறக்கும், இரண்டாவது ரெண்டு படி, இப்படியே எண்பத்தோராவது பசு 81 படி. அவருக்கு ஒன்பது பிள்ளைகள். ஆளுக்கு ஒன்பது பசு, பாலும் ஆளுக்குச் சமமாக வரணும். எப்படிப் பிரிப்பார்?

ஒன்று முதல் எண்பத்தொன்று வரை கூட்டினால் 3321 படி. ஒன்பதால் வகுத்தால் ஆளுக்கு 369. அதுவரை எல்லாரும் வந்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் கணக்கே. இதற்குத் தயவுசெய்து இங்கே யாரும் விடை போடாதீங்க. வண்டியில் அவர்களே பிடிக்கட்டும்.

⁂

சீசன் டிக்கெட் | மூன்றாவது வார சனி, காலை 7.30

பத்து நாள் கழித்து வருகிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

புது விதி: மொத்தம் பத்து. விடைக்கு ரெண்டு. வழிக்கு ஐந்து, ஆனால் அந்தப் புதிர் புரியாத ஒருவர் கேட்டுவிட்டுத் தானே திருப்பிச் சொல்லணும், அப்போதுதான் ஐந்தும் ஏறும். "இது ஏன் இப்படி?" என்று கேட்டு மடக்குகிறவருக்கு மூன்று. கடைசியாகச் சொன்ன அந்த மூன்று, கீரைக்கார அம்மா ரெண்டு கிலோ கேட்டாரே, அதற்காகவே வைத்தது. வேகத்தையும் விடவில்லை. பல்லாவரத்திலிருந்து மீனம்பாக்கம் வரை, நடுவில் திரிசூலம் ஒன்றுதான், மனக்கணக்குச் சுற்று. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். மூன்று இலக்க எண்ணை ரெண்டு தரம் சேர்த்து எழுதினால், 347347 மாதிரி, அது 7, 11, 13 மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும். 1001 என்பது அந்த மூன்றின் பெருக்கல்தான். இந்த ஒன்றை வைத்தே பெரியவர் நாலு நாள் எல்லாரையும் ஓட்டினார்.

கீரைக்கார அம்மாவிடம் நான் போய்ப் பேசினேன். முதலில் நின்ற இடத்திலேயே நின்றார். "அன்னிக்கு நாங்க பண்ணது தப்பும்மா, நீங்க சொன்னதுதான் கணக்கு" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வந்து உட்கார்ந்தார். அடுத்த திங்கட்கிழமை அவரே ஒரு புதிர் போட்டார். அவர் அம்மாவுக்கு நிஜமாகவே நடந்ததாம்.

"நானும் எங்கம்மாவும் பக்கத்துப் பக்கத்துல எலுமிச்சம்பழம் விக்கிறோம். ஆளுக்கு முப்பது பழம். எங்கம்மாது சின்னப் பழம், ரூபாய்க்கு மூணு. என்னுது பெரும்பழம், ரூபாய்க்கு ரெண்டு. தனித்தனியா வித்தா அதுக்குப் பத்து ரூபா, எனக்குப் பதினஞ்சு. மொத்தம் இருபத்தஞ்சு. அன்னிக்கு எனக்கு ஒடம்பு முடியல, எங்கம்மாவே ரெண்டையும் கலந்து வித்துச்சு. ரூபாய்க்கு மூணு, ரூபாய்க்கு ரெண்டு, அப்ப ரெண்டு ரூபாய்க்கு அஞ்சு. அறுபது பழமும் வித்துப் போச்சு. எண்ணிப் பாத்தா இருபத்துநாலு ரூபாதான் இருக்கு. ஒரு ரூபா எங்கப்பா போச்சு? அந்த ஒரு ரூபாய்க்கு ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டோம்."

தாம்பரம் போனது, பல்லாவரம் போனது, அன்றைக்கு மனக்கணக்குச் சுற்றையே மறந்துவிட்டோம். அறுபதை ஐந்தால் வகுத்தால் பன்னிரண்டு, தலா ரெண்டு ரூபாய், இருபத்துநாலு. கணக்கில் ஓட்டை எங்கேயும் இல்லை. ஆனாலும் ஒரு ரூபாய் இல்லை.

தம்பிதான் பிடித்தார். போன் பையில் இருந்தது, நான் பார்த்தேன். அந்த அம்மா கூடையிலிருந்தே பழத்தை வாங்கிச் சீட்டில் வரிசை வைத்தார். "ஒவ்வொரு அஞ்சுலயும் மூணு சின்னது, ரெண்டு பெருசு. அப்படிப் பத்துத் தடவை வித்தா சின்னப் பழம் முப்பதும் காலி. அதுவரைக்கும் சரியான விலைதான், இருபது ரூபா. மிச்சம் பத்துமே பெரும்பழம். அதோட விலை அஞ்சு ரூபா. ஆனா ரெண்டு ரூபாய்க்கு அஞ்சுன்னு கொடுத்ததால நாலு ரூபாதான் வந்துச்சு. அந்தக் கடைசிப் பத்துப் பழத்துலதான்மா ஒரு ரூபா போச்சு."

நடுவர் பெரியவர், ஏனென்றால் அவருக்குத்தான் கடைசிவரை விளங்கவில்லை. அவர் பழத்தை ஒவ்வொன்றாக நகர்த்தித் திருப்பிச் சொல்லி முடிக்கும்போது வண்டி பழவந்தாங்கலில் நின்றது. தம்பிக்கு ஏழு. கீரைக்கார அம்மா சீட்டில் இருந்த பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத்தினி வருசமா யாரோ எடுத்துட்டாங்கன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்" என்றார்.

நோட்டில் அவருக்கென்று ஒரு பத்தி போடணும் என்று நர்ஸ் அக்கா கேட்டு, பேர் எழுதினார். ஏழு வருஷம் எதிரெதிரே வந்திருக்கிறோம், அவர் பேரை அன்றைக்குத்தான் கேட்டோம்.

⁂

யாழ் மல்லிகை | சனி, காலை 9.05

வாசிச்சு முடிக்கக் கண் கலங்கிட்டுது. அம்மப்பா இருந்திருந்தால் உங்கட பெட்டியில வந்து ஒருநாள் இருந்திருப்பார். தங்கச்சி இப்ப கனடாவில. இந்த இழையை அவளுக்கு அனுப்பியிருக்கிறன்.

⁂

உடுமலை வாத்தியார் | சனி, காலை 10.40

எலுமிச்சம்பழக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். சராசரியைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது என்று ஒரு வகுப்பு முழுக்கத் தொண்டை வறள விளக்கியிருக்கிறேன். அந்த அம்மாவின் கூடை அதைப் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டது. பசுக் கணக்கு என்னாயிற்று?

⁂

சீசன் டிக்கெட் | செவ்வாய், இரவு 9.30

பசுக்கள் நேற்றுவரை எங்களைத் தூங்கவிடவில்லை ஐயா. துணிக்கடை அண்ணன் பெரியதோடு சிறியதைச் சேர்த்து, 81ஓடு 1, 80ஓடு 2 என்று ஜோடி போட்டுப் பார்த்தார். ஆளுக்கு நாலு ஜோடி வரும், ஒன்பதாவது பசுவில் சிக்கிக்கொண்டார்.

இன்று காலை அவரேதான் அவிழ்த்தார். கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு வந்திருந்தார். முதல் வரியில் 1 முதல் 9, அடுத்த வரியில் 10 முதல் 18, இப்படி ஒன்பது வரி. "மூத்தவனுக்கு முதல் வரியில முதல் பசு, ரெண்டாவது வரியில ரெண்டாவது பசு, மூணாவதுல மூணாவது, இப்படியே சாய்வா. ரெண்டாவது பையனுக்கு முதல் வரியில ரெண்டாவதுலேர்ந்து ஆரம்பிச்சு அதே மாதிரி சாய்வா. கட்டம் முடிஞ்சா அடுத்த வரியில முதல் கட்டத்துக்கு வந்துடணும்."

மூத்தவனுக்கு 1, 11, 21, 31, 41, 51, 61, 71, 81. கூட்டினால் 369. இரண்டாமவனுக்கு 2, 12, 22, 32, 42, 52, 62, 72, 73. அதுவும் 369.

அப்போது கீரைக்கார அம்மா கேட்டார், "எல்லாருக்கும் ஏன்பா அதே வருது?" அந்தக் கேள்விக்கு மூன்று மதிப்பெண் உடனே எழுதினேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் கட்டத்தையே பார்த்தார். சேலை அடுக்குகிற மாதிரி கையை வைத்துக் காட்டினார். "ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு வரியிலயும் ஒண்ணு, ஒவ்வொரு பத்தியிலயும் ஒண்ணு. வரி மாறினா ஒம்போது ஒம்போதா ஏறும், பத்தி மாறினா ஒண்ணு ஒண்ணா ஏறும். ஒம்போது வரியும் எல்லாருக்கும் கிடைக்குது, ஒம்போது பத்தியும் எல்லாருக்கும் கிடைக்குது. வரிசைதான் மாறுது, கூட்டல் எப்படி மாறும்?"

நடுவர் நர்ஸ் அக்கா. ராத்திரி டியூட்டி மாற்றிப் பார்த்துவிட்டு நேராக வண்டி ஏறியிருந்தார், கண் சிவந்திருந்தது. முதல் தரம் கேட்டபோது இல்லை என்று தலையை ஆட்டினார். இரண்டாம் தரமும் இல்லை. அண்ணன் பில் புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்து, மூன்றாவது பிள்ளைக்கு நீங்களே பிரியுங்கள் என்றார். அக்கா 3, 13, 23 என்று விரல் வைத்துச் சாய்வாக இறங்கி, 63 தாண்டி, 64க்கு மடங்கி, 74, 84 என்று சொல்லப் போய் நிறுத்தி, 74 வரைதான் வரி இருக்கிறது என்று தானே எண்ணிப் பார்த்துக்கொண்டார். 3, 13, 23, 33, 43, 53, 63, 64, 74. கூட்டினார். "முந்நூத்தி அறுபத்தொம்போது" என்று அவர் சொன்னபோது மீனம்பாக்கம்.

அண்ணனுக்கு ஏழு. நாளைக்குப் புதிர் போடும் முறை அக்காவுடையது.